கணிதச் செயற்கூறுகளும் காணாமற்போன ஒரு சென்ட்டும்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்திலுள்ள வல்லம், ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் ஆகும். இப்பகுதியில் நிலத்தைப் பற்றிப் பேசுவோர் ஏக்கர், சென்ட் என்றே பேசுவர். பட்டாவிலோ பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.471 ஏக்கர். ஆகவே, நிலப்பதிவுகளைக் கொண்ட உறவுநிலைத் தரவுத்தளத்தில் ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றும் தேவை அடிக்கடி எழும். அதற்கென வினவல் மொழியிலேயே கணிதச் செயற்கூறுகள் அமைந்துள்ளன.

ஒரு ஹெக்டேரைச் சென்ட்டாக்கினால் 247.1 வரும். ஃப்ளோர் செயற்கூறு பின்னத்தை நீக்கி 247 எனத் தரும். அதனை 100 ஆல் வகுத்து மீண்டும் ஃப்ளோர் இட்டால் 2 ஏக்கர். மாட்(247, 100) என்பது மீதியாகிய 47 சென்ட்டைத் தரும். சீல் என்பது ஃப்ளோருக்கு எதிரானது. பின்னம் இருப்பின் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தும். இவற்றில் குழப்பத்திற்கு இடமில்லை. கவனம் வேண்டுவது ரவுண்ட் செயற்கூற்றில்தான்.

0.405 ஹெக்டேர் நிலம் மூன்று உடன்பிறந்தாருக்குச் சமமாகப் பிரிக்கப்பட்டதாகக் கொள்வோம். பட்டா என்னும் அட்டவணையில் ஒவ்வொருவர் பெயரிலும் 0.135 ஹெக்டேர் பதிவாகியுள்ளது. பின்வரும் வினவலை இடுவோம்:

செலக்ட் ரவுண்ட்(பரப்பு * 2.471, 2) ஃப்ரம் பட்டா;

0.333585 என்னும் மதிப்பு 0.33 எனச் சுருங்கி, மூன்று வரிசைகளிலும் வெளிவரும். இவற்றைக் கூட்டினால் 0.99 ஏக்கர். மாறாக, முதலில் கூட்டிப் பின்னர் முழுமையாக்கினால்,

செலக்ட் ரவுண்ட்(சம்(பரப்பு) * 2.471, 2) ஃப்ரம் பட்டா;

விடை 1.00 ஏக்கர். இரண்டு வினவல்களிலும் பிழை ஏதுமில்லை; ஆயினும் இடையில் ஒரு சென்ட் மறைந்துவிட்டது. தசமத்தின் இரண்டாம் இடம்தானே என்று மாணவர் எண்ணக்கூடும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு சிறு வீடு எழுப்பப் போதுமான இடம். பங்காளிகளிடையே வழக்கு மூள்வதற்கு அதில் பாதியே போதும்!

செலக்ட் கட்டளையில் இடம்பெறும் செயற்கூறு, திரையில் தோன்றும் மதிப்பை மட்டுமே மாற்றும். அட்டவணையிலுள்ள மூலமதிப்பைத் தொடாது. ஆகவே மேற்கண்ட ஒரு சென்ட்டை எப்பொழுது வேண்டுமாயினும் மீட்டுக்கொள்ளலாம். அப்டேட் கட்டளையின் தன்மை வேறு. ஏக்கருக்கு மாற்றுவதாகக் கருதி, முழுமையாக்கிய 0.33 என்னும் எண்ணைப் பரப்புப் புலத்திலேயே எழுதிவிட்டால், பழைய மதிப்பு அழிந்துபோகும். பின்னர் அதனை 2.471 ஆல் வகுத்து ஹெக்டேருக்குத் திருப்பினாலும் 0.135 கிடைக்காது, 0.13355 தான் கிடைக்கும். ஒவ்வொருவர் பங்கிலும் ஏறத்தாழ 14.5 சதுர மீட்டர் குறைந்திருக்கும்.