ஞாயிறு திரும்பும் நாள்

தை முதல் நாளில் ஞாயிறு வடக்கே திரும்புகிறது என்று வகுப்பில் கூறுவது நம் ஆசிரியரிடையே வழக்கம். நிழலை அளந்து பார்க்கும் மாணவன் இதனை ஒப்பமாட்டான்.

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், ஞாயிறு ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாகச் செல்வதுபோல் தோன்றுகிறது; பருவங்களும் அதனாலேயே மாறுகின்றன. தென்கோடியை எட்டி ஞாயிறு வடக்கே திரும்பும் நாள் டிசம்பர் 21 அல்லது 22. அது மார்கழியின் முதல் வாரம்.

ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாளும் தை முதல் நாளும் ஒன்றாயிருந்தன எனக் கணக்கிடலாம். நம் பஞ்சாங்க ஆண்டு விண்மீன்களைக் கொண்டு அளக்கப்படுவது. பருவ ஆண்டைவிட அது சுமார் 20 நிமிடம் நீண்டது. பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுற்றி வருவதே இதற்குக் காரணம். அந்த 20 நிமிடமே ஆண்டாண்டாய்ச் சேர்ந்து இன்று 24 நாளாயிற்று.

மாணவர்க்கு இதைக் காட்டுவது எளிது. கோலாலம்பூரில் 100 செண்டிமீட்டர் கோலொன்றைச் செங்குத்தாக நட்டால், டிசம்பர் 22 உச்சிப்பொழுதில் அதன் நிழல் வடக்கே 50 செண்டிமீட்டர் நீளும். தை முதல் நாளில் அது 45 ஆகக் குறைந்திருக்கும். ஞாயிறு முன்னமே திரும்பிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா. உச்சிப்பொழுது அங்கே பகல் 1 மணிக்குப் பின்னரே வரும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

பொங்கல் உழவரின் அறுவடைத் திருநாள். அதன் பெருமைக்கு வானநூற் பிழை துணையாக வேண்டுவதில்லை.