ஏத்தி விடும்... நிறுத்துமா?

பனி மலைக்கு ஃபேமிலி வண்டி தேடுறவங்களுக்கு ஒரு ஃபிசிக்ஸ் கிளாஸ்!

'ஒரு நல்ல வண்டியா வாங்கி, குடும்பத்தோட மணாலி, லே எல்லாம் ஒரு ரவுண்டு போயிட்டு வரணும்' - உங்க வீட்டுல இப்படிப் பேச்சு ஓடுதா? அப்படின்னா வண்டி செலக்ட் பண்ற வேலை கண்டிப்பா உங்க தலையிலதான் விழும். நாமளும் ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துட்டு, ''ஃபோர் பை ஃபோர் எடுங்கப்பா. பனியாவது பாறையாவது, பிச்சுக்கிட்டுப் போகும்!''னு அடிச்சு விடுவோம்.

அதுல பாதிதான் உண்மை பாஸ். மீதிப் பாதியிலதான் வண்டிக்குள்ள இருக்கிற எல்லாரோட உயிரும் இருக்கு.

2024 டிசம்பர், கிறிஸ்துமஸ் சமயம். மணாலி பக்கத்துல சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவுல சுமார் 1,000 வண்டிகள் பனியில மாட்டிக்கிச்சு. பிரேக் பிடிச்சும் நிக்காம, பள்ளத்தைப் பார்த்து வழுக்கிக்கிட்டே போற வண்டிகளோட வீடியோக்கள் நாடு முழுக்கச் சுத்துச்சு. யோசிச்சுப் பாருங்க... அந்த வண்டிகளுக்கு இருந்த பிரச்னை 'போறது' இல்லை. 'நிக்கிறது!'

பேப்பர், பேனா எடுங்க!

பிளஸ் டூ ஃபிசிக்ஸ் போதும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க. சடன் பிரேக். காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வுக் குணகம் சுமார் 0.7. அதனால 9 மீட்டர்ல வண்டி நின்னுடும். இறுகிப்போன பனியில அது சுமார் 0.2. நிக்க 30 மீட்டருக்கு மேல வேணும். கண்ணாடி மாதிரி உறைஞ்ச ஐஸ்ல சுமார் 0.1. அங்கே 60 மீட்டர் தாண்டிடும்!

இந்த ஃபார்முலாவுல வண்டியோட எடை கிடையாது, விலை கிடையாது. இன்ஜின் பவர் எத்தனை சக்கரத்துக்குப் போகுதுங்கிற மேட்டரும் கிடையாது. ஏன்னா ஆல்டோவா இருந்தாலும் ஃபார்ச்சூனரா இருந்தாலும், பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் பிடிக்குது. அந்த விஷயத்துல எல்லா வண்டியும் ஃபோர் பை ஃபோர்தான்!

அப்போ அந்த எக்ஸ்ட்ரா காசு எதுக்கு? மேடு ஏறத்தான். பனி ரோட்டுல ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, தோராயமா 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ற மேடு வரைக்கும்தான் ஏறும். அப்புறம் டயர் சும்மா சுத்தும். நாலு சக்கரமும் இழுத்தா, 5 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ற மேட்டையும் ஏறிடும். டபுள் கெத்து!

வில்லங்கமும் இங்கேதான். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க. அந்தப் பனியில 5-க்கு 1 சரிவுல இறங்கும்போது, புவியீர்ப்பு கீழே இழுக்கிற இழுப்பும் டயரோட பிடிப்பும் சரிக்குச் சமம். அதாவது, பிரேக்கைக் கால் வலிக்க மிதிச்சாலும் வேகம் குறையாது. ஃபோர் பை ஃபோர் ஏறி முடிக்கிற கடைசி மேடு எதுவோ, பிரேக் கைவிடுற சரிவும் அதேதான். சாதா வண்டி பாதியிலேயே மூச்சு வாங்கி நின்னு, நம்மளைக் காப்பாத்தியிருக்கும். பெரிய வண்டி, 'வா மச்சி'னு மேல கூட்டிட்டுப் போய் விட்டுடும்!

அப்போ எதைப் பார்த்து வாங்குறது?

முதல்ல, எந்த மாசம் போறீங்க? மணாலி - லே ரோடு பெரும்பாலும் கோடையில திறந்து, பனிக்காலம் தொடங்கும்போது மூடிடும். ஜூலை, ஆகஸ்ட்ல போனா அங்கே எதிரி பனி இல்லை... பாறையும் தண்ணியும்தான். பனி உருகி ரோட்டுக்குக் குறுக்கே ஓடுற ஓடைகளை 'நாலா'னு சொல்றாங்க. வெயில் ஏற ஏற தண்ணியும் ஏறும். காலையிலயே கடந்துடறது புத்திசாலித்தனம். இதுக்கு ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டியே போதும். ஆனா, கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மி.மீ. பக்கம் இருக்கணும். கேட்லாக்ல போட்டிருக்கிறது பெரும்பாலும் காலி வண்டியோட அளவு. அஞ்சு பேரும் அஞ்சு பெட்டியும் ஏறினா வண்டி இறங்கிடும், மறந்துடாதீங்க.

பனிக்காலம்னா, 'லோ ரேஞ்ச்' கியர் இருக்கிற ஃபோர் பை ஃபோர். நத்தை வேகத்துல, பிரேக்கைத் தொடாம இன்ஜினே பிடிச்சு நாலு சக்கரத்தையும் மெதுவா இறக்கும். ஃபோர் பை ஃபோர்ல இறக்கத்துக்கு உதவுற பார்ட் இதுதான். மலைக்காரங்களோட பழைய தோஸ்த் மாருதி ஜிப்ஸியில இது இருந்துச்சு. 2023-ல வந்த அஞ்சு கதவு ஜிம்னியிலயும் இருக்கு. கிளியரன்ஸ் 210 மி.மீ. ஆனா நாலு பேர்தான் உட்காரலாம், டிக்கியும் சின்னது. தாத்தா, பாட்டியையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போற குடும்பத்துக்கு கஷ்டம். வண்டி உயரம் அதிகமானா பாட்டி எப்படி ஏறுவாங்கன்னும் பார்க்கணும். ஷோரூமுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போய், ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்க. மூணாவது வரிசை சீட் பின் ஆக்ஸில் பக்கம் இருக்கும். கரடுமுரடு ரோட்டுல குலுக்கல் முழுக்க அவங்களுக்குத்தான்!

அடுத்து, டர்போ. 5,000 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல சுமார் 60 சதவிகிதம்தான். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே திணறும். டர்போ காத்தை அழுத்தி ஊட்டுறதால சமாளிக்கும். டீசல் வண்டின்னா கடுங்குளிர்ல டீசலே கெட்டியாகிடும். லடாக்குக்காகவே இந்தியன் ஆயில் 2019-ல மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்குற குளிர்கால டீசலை அறிமுகப்படுத்துச்சு. கீழேயே டேங்க் ஃபுல் பண்ணிட்டு வந்தோம்னு பெருமைப்பட்டா, காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது!

ஹீரோ யாரு தெரியுமா?

டயர்! நிறுத்துற ஃபார்முலாவுல நம்ம கையில இருக்கிறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு வேகம், இன்னொண்ணு டயரோட பிடிப்பு. சாதா டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிச்சுடும். குளிர்கால டயர்ல ரப்பரே வேற. மூணு சிகரமும் நடுவுல பனித்துளியும் பொறிச்சிருக்கும், அதான் அடையாளம். அது கிடைக்கலைன்னா ஸ்நோ செயின். ஃபோர் பை ஃபோருக்கு ஒண்ணு ரெண்டு லட்சம் கூடக் கொடுக்குற நாம, சில ஆயிரத்துல கிடைக்கிற செயினை மறந்துடறோம். நாலு சக்கரத்துக்கும் போட்டா பெஸ்ட். முன்னாடி மட்டும் போட்டா, இறக்கத்துல வால் பக்கம் வழுக்கும். வீட்டு வாசல்லயே ரெண்டு தடவை மாட்டிக் கழட்டிப் பழகுங்க. கொட்டுற பனியில விரல் விறைச்ச பிறகு கத்துக்க முடியாது.

கடைசியா ஒரு சீரியஸ் விஷயம். 2022 ஜனவரியில பாகிஸ்தானோட மலை நகரம் மர்ரியில, பனியைப் பார்க்கப் போன குறைந்தது 22 பேர், ரோட்டுல மாட்டிக்கிட்ட கார்களுக்குள்ளேயே இறந்துபோனாங்க. குழந்தைகளும் அதுல உண்டு. குளிரோட கார்பன் மோனாக்ஸைடும் ஒரு காரணமாச் சொல்லப்பட்டுச்சு. சைலன்ஸர் வாயைப் பனி மூடிட்டா, ஹீட்டருக்காக ஓடுற இன்ஜினோட புகை காருக்குள்ளேயே வரும். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குற மாதிரியே முடிஞ்சிடும். அதனால டிக்கியில ஒரு சின்ன மண்வெட்டி, கம்பளி, தண்ணி, பிஸ்கெட் கட்டாயம். வண்டி மாட்டிக்கிட்டா முதல் வேலை சைலன்ஸரைச் சுத்தி இருக்கிற பனியை அள்ளுறதுதான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. இன்ஜினை விட்டு விட்டு ஓட்டுங்க.

இவ்வளவும் பார்த்துக் குழப்பமா இருந்தா, சிம்பிள் வழி ஒண்ணு இருக்கு. பனி ஆரம்பிக்கிற ஊர்ல நம்ம வண்டியை ஓரங்கட்டிட்டு, அந்த ஊர் டிரைவரோட வண்டியில ஏறிடுங்க. எந்த வளைவுல வெயில் படாது, எங்கே ஐஸ் உருகாமக் கிடக்கும்னு அவருக்குத் தெரியும். அவரே 'இன்னைக்கு வேணாம், திரும்பிடலாம்'னு சொன்னா, மறுபேச்சு பேசாம திரும்பிடுங்க.

மலை அங்கேயேதான் இருக்கும் பாஸ். அடுத்த வருஷமும் போகலாம்... எல்லாரும் சேர்ந்து!