இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளிகளில் உடற்கல்வி நிதி: ஒதுக்கீடும் பயன்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகளில் உடற்கல்வியை மேம்படுத்தும் நோக்குடன் 2013ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு தனி நிதி வழங்கி வருகின்றது. ‘பி.ஈ. அண்ட் ஸ்போர்ட் பிரீமியம்’ என்று வழங்கப்பெறும் இந்நிதியின் தோற்றம், பகிர்வு முறை, செலவிடுவதற்கான விதிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. நிதி நின்ற பின்னரும் பள்ளியில் எது நிலைத்து நிற்கும் என்ற கேள்வியே பயன்பாட்டின் தரத்தை அளக்கும் உரைகல்லாகும் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: உடற்கல்வி, தொடக்கப்பள்ளி, அரசு நிதி, ஆசிரியர் பயிற்சி, நீச்சல், இங்கிலாந்து.

முன்னுரை

தொடக்கப்பள்ளியில் எல்லாப் பாடங்களையும் ஒரே வகுப்பாசிரியர் கற்பிப்பது இங்கிலாந்தில் பெருவழக்கு. கணிதமும் மொழியும் கற்பிக்க விரிவான பயிற்சி பெற்று வரும் அவ்வாசிரியர், உடற்கல்விக்கெனப் பெறும் பயிற்சி மிகச் சிறிது. மழையில் நனைந்த மைதானமும் பகல் உணவுக்கும் பயன்படும் ஒற்றைக் கூடமும் அவருக்குக் கிடைக்கும் களங்கள். இச்சூழலில் உடற்கல்வி வகுப்பு, பந்தை எடுத்துக்கொடுத்துவிட்டு மேற்பார்வை செய்யும் நேரமாகச் சுருங்கிவிடுவது எளிது. இக்குறையைப் பணத்தால் மட்டும் தீர்க்க இயலுமா, பணம் எவ்வாறு செலவானால் தீரும் என்பன ஆராயத்தக்கவை.

நிதியின் தோற்றம்

இந்நிதிக்கு முன்னரே ஒரு வரலாறு உண்டு. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்புகள் என்ற ஏற்பாட்டின்கீழ் உயர்நிலைப்பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் அருகிலுள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு உதவினர். இதற்கென ஆண்டுக்கு ஏறத்தாழ 16 கோடியே 20 இலட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டிருந்தது. 2010ஆம் ஆண்டு அரசு சிக்கன நடவடிக்கையாக இத்தனி ஒதுக்கீட்டை நிறுத்த முடிவு செய்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் ஒரு பகுதி சிறிது காலம் நீட்டிக்கப்பட்டது. எனினும் பல பகுதிகளில் அக்கூட்டமைப்புகள் சுருங்கிப்போயின.

2012ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அப்போட்டிகளின் பயன் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரவேண்டும் என்ற கருத்து வலுப்பெற, 2013-14 கல்வியாண்டில் புதிய நிதி தொடங்கப்பட்டது. கல்வி, நலவாழ்வு, பண்பாடு-விளையாட்டு ஆகிய மூன்று துறைகள் இணைந்து ஆண்டுக்கு 15 கோடி பவுண்டு வழங்கின. முந்தைய ஏற்பாட்டில் பணம் கூட்டமைப்புக்குச் சென்றது. புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரே சென்றது. எதற்குச் செலவிடுவது என்ற முடிவும் தலைமையாசிரியரின் கைக்கு வந்தது. இம்மாற்றம் உரிமையையும் பொறுப்பையும் ஒருசேரத் தந்தது எனலாம்.

2016ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சர்க்கரை மிகுந்த குளிர்பானங்கள்மீது புதிய வரி அறிவிக்கப்பட்டது. அவ்வரியின் வருவாயை அடிப்படையாகக் காட்டி, 2017 செப்டம்பர் முதல் உடற்கல்வி நிதி ஆண்டுக்கு 32 கோடி பவுண்டாக உயர்த்தப்பட்டது. வரி நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரலில்தான். அதற்குள் பல நிறுவனங்கள் வரிக்கு அஞ்சித் தம் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. ஆகவே வருவாய் முதலில் எதிர்பார்க்கப்பட்டதைவிடக் குறைந்தது. நலவாழ்வு நோக்கில் இது வெற்றி. கருவூல நோக்கில் இழப்பு. எனினும் பள்ளிகளுக்கு அறிவித்த தொகையை அரசு குறைக்கவில்லை.

பகிர்வு முறை

ஒரு பள்ளிக்குரிய தொகை, சனவரி மாதக் கணக்கெடுப்பில் ஒன்று முதல் ஆறு வரையிலான வகுப்புகளில் பயிலும் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. 2017 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கு பின்வருமாறு அமைகின்றது.

• தகுதியுடைய மாணவர் 16 பேர் அல்லது அதற்குக் குறைவாக உள்ள பள்ளிக்கு மாணவர் ஒருவருக்கு 1,000 பவுண்டு.
• 17 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள பள்ளிக்கு 16,000 பவுண்டும், மாணவர் ஒருவருக்கு 10 பவுண்டும்.

வகுப்புக்கு 30 பேர் வீதம் ஆறு வகுப்புகளில் 180 மாணவர் பயிலும் பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அப்பள்ளி பெறும் தொகை 17,800 பவுண்டு. மாணவர் ஒருவருக்கு இது ஏறத்தாழ 99 பவுண்டாகும். 360 மாணவர் பயிலும் பள்ளி 19,600 பவுண்டு பெறும். ஒருவருக்கு ஏறத்தாழ 54 பவுண்டுதான். 60 மாணவர் மட்டுமே பயிலும் சிற்றூர்ப் பள்ளி 16,600 பவுண்டு பெறும். ஒருவருக்கு 276 பவுண்டுக்கு மேல். நிலைத்தொகை பெரிதாகவும் தலைக்குரிய தொகை சிறிதாகவும் இருப்பதால் இக்கணக்கு சிறிய பள்ளிகளுக்குச் சார்பானது. சிறிய பள்ளிக்கும் ஒரு பயிற்சியாளர் வேண்டும், ஒரு பேருந்து வேண்டும் என்பது இதற்குரிய நியாயம். நகரத்தின் பெரிய பள்ளியில் பயிலும் ஏழைக் குழந்தைக்கு அதனால் குறைந்த பங்கே கிட்டுகின்றது என்பது இதன் மறுபக்கம்.

தொகை இரு தவணைகளில் வருகின்றது. பன்னிரண்டில் ஏழு பங்கு இலையுதிர்காலப் பருவத்திலும் எஞ்சிய ஐந்து பங்கு அடுத்த ஆண்டின் கோடைக்காலப் பருவத்திலும் வழங்கப்படும். மேற்கண்ட 180 மாணவர் பள்ளிக்கு முதல் தவணை ஏறத்தாழ 10,383 பவுண்டு. இரண்டாம் தவணை ஏறத்தாழ 7,417 பவுண்டு. 190 பள்ளி நாள்களுக்கு இத்தொகையைப் பகுத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 94 பவுண்டும் குழந்தை ஒன்றுக்கு 52 பென்சும் கிடைக்கும். விலைவாசியும் ஊதியமும் உயர்ந்தபோதும் இக்கணக்கு உயராமல் தொடர்ந்தமையால், பணத்தின் உண்மை மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்துள்ளது என்பதும் கருதத்தக்கது.

விதிகளும் அவற்றின் உட்பொருளும்

இந்நிதி தரும் மேம்பாடு கூடுதலானதாகவும் நிலைத்து நிற்பதாகவும் இருக்கவேண்டும் என்பது அடிப்படை விதி. செலவிடுவதற்குரிய ஐந்து நோக்கங்களை அரசு வகுத்துள்ளது. ஆசிரியர்களின் அறிவையும் திறனையும் தன்னம்பிக்கையையும் வளர்த்தல், எல்லா மாணவரையும் நாள்தோறும் உடலியக்கத்தில் ஈடுபடுத்தல், பள்ளியில் உடற்கல்விக்குரிய மதிப்பை உயர்த்தல், பலவகை விளையாட்டுகளை அனைவருக்கும் சமமாக அறிமுகப்படுத்தல், போட்டிகளில் பங்கேற்பைப் பெருக்குதல் என்பன அவை.

செய்யக்கூடாதன என்ற பட்டியலும் உண்டு. கட்டடம் முதலிய மூலதனச் செலவுகளுக்கு இதனைப் பயன்படுத்தலாகாது. தேசியப் பாடத்திட்டத்தின்படி பள்ளி எவ்வாறேனும் கற்பித்தாக வேண்டிய குறைந்த அளவுப் பாடத்திற்கும் பயன்படுத்தலாகாது. நீச்சலில் பின்தங்கியோருக்கான கூடுதல் பயிற்சி மட்டும் இதற்கு விலக்கு. ஆசிரியரின் திட்டமிடல் நேரத்தை ஈடுசெய்யப் பயிற்சியாளரை அமர்த்துவதும் விலக்கப்பட்டுள்ளது.

இறுதியாகக் கூறிய விதியின் காரணம் விளக்கத்திற்குரியது. இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது 10 விழுக்காட்டை, பாடம் திட்டமிடவும் மதிப்பிடவும் விடுவித்துத் தரவேண்டும். இந்நேரம் வாரத்திற்கு இரண்டு மணிக்குச் சற்றுக் கூடுதலாக அமையும். உடற்கல்விக்கெனப் பள்ளிகள் விழையும் நேரமும் வாரத்திற்கு இரண்டு மணியே. ஆகவே வெளியிலிருந்து ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரை வரவழைத்து வகுப்பை ஒப்படைத்துவிட்டு, ஆசிரியரைத் திட்டமிடலுக்கு அனுப்புவது கால அட்டவணைக்கு மிகப் பொருத்தமான தீர்வாகத் தோன்றும். மாணவர்களும் மகிழ்வர். ஆனால் ஆசிரியர் அவ்வகுப்பைக் காண்பதே இல்லை. மூன்று ஆண்டு கழித்து நிதி நின்றால், பயிற்சியாளர் சென்றுவிடுவார். பள்ளி தொடங்கிய இடத்திலேயே நிற்கும். விதி தடுக்க முனைவது இந்நிலையையே.

பள்ளி அளவில் பயன்பாடு

மேற்கண்ட 180 மாணவர் பள்ளி தன் 17,800 பவுண்டை எவ்வாறு திட்டமிடலாம் என்பதைப் படிநிலையாக நோக்கலாம்.

முதற்படி, நிலையை அறிதல். எந்த ஆசிரியருக்கு எந்தப் பகுதியில் தயக்கம் என்பதைக் கேட்டறியவேண்டும். பந்து விளையாட்டை இயல்பாகக் கற்பிக்கும் ஒருவர், உருளைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் அடங்கிய ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் விபத்துக்கு அஞ்சலாம்; மற்றொருவர் நடனத்தில் தயங்கலாம். அவ்வாறே, பள்ளி நேரத்திற்குப் பிந்தைய மன்றங்களில் சேராத மாணவர் யாவர் என்ற பட்டியலும் வேண்டும்.

இரண்டாம் படி, உடனிருந்து கற்றல். பயிற்சியாளர் வரும்போது வகுப்பாசிரியரும் கூடத்திலேயே இருத்தல்வேண்டும். முதல் சில வகுப்புகளைப் பயிற்சியாளர் நடத்த ஆசிரியர் கவனிப்பார். அடுத்த சிலவற்றை இருவரும் பகிர்ந்து நடத்துவர். இறுதியில் ஆசிரியர் நடத்தப் பயிற்சியாளர் கருத்துரைப்பார். ஒரு பருவத்திற்கு இரண்டு ஆசிரியர் வீதம் மூன்று பருவங்களில் ஆறு வகுப்பாசிரியரும் இப்பயிற்சியைப் பெற்றுவிடுவர். மிகுதியான பங்கு செலவாகத் தக்க இடம் இதுவே.

மூன்றாம் படி, நீச்சல். ஆறாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 25 மீட்டர் நீந்தவும், பலவகை நீச்சல் முறைகளைக் கையாளவும், நீரில் தம்மைக் காத்துக்கொள்ளவும் வல்லவராக வேண்டும் என்பது தேசியப் பாடத்திட்டம். இவ்விலக்கை எய்தியோர் விழுக்காட்டைப் பள்ளி தன் இணையதளத்தில் வெளியிடவேண்டும். வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளிடையே நீந்தத் தெரியாதோர் மிகுதி என்பது ஸ்போர்ட் இங்கிலாந்து நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில் தொடர்ந்து வெளிப்படுகின்றது. தனிப் பயிற்சிக்குப் பணம் செலுத்த இயலாத பெற்றோரின் குழந்தைக்குப் பள்ளி தரும் வாய்ப்பே முதலும் கடைசியுமாகிவிடுகின்றது. இது பதக்கத்தைப் பற்றிய செய்தியன்று, உயிரைப் பற்றியது. ஆகவே பாட நேரத்தில் இலக்கை எட்டாதோருக்கான கூடுதல் வகுப்புக்கு முன்னுரிமை தருவது முறையாகும்.

நான்காம் படி, இடைவேளையும் அன்றாட இயக்கமும். 5 முதல் 18 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என்று 2019ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தின் தலைமை மருத்துவ அலுவலர்கள் பரிந்துரைத்தனர். இங்கிலாந்தில் பாதிக்கும் குறைவான குழந்தைகளே இவ்வளவை எட்டுகின்றனர். வாரத்திற்கு இரண்டு வகுப்புகளால் இவ்விடைவெளி நிரம்பாது. பகல் இடைவேளையில் பொறுப்பிலிருக்கும் உதவியாளர்களுக்குப் பயிற்சி தருதல், மூத்த மாணவரை இளையோரின் விளையாட்டுத் துணைவராக்குதல் போன்றவை குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவன. செலவே இல்லாத வழியும் உண்டு. 2012ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரிலுள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் தொடங்கிய ‘டெய்லி மைல்’ என்னும் முறையில், மாணவர் நாள்தோறும் 15 நிமிடம் பள்ளி உடையிலேயே ஓடவோ நடக்கவோ செய்கின்றனர். கருவியோ பயிற்சியாளரோ இதற்குத் தேவையில்லை.

சமவாய்ப்பு

2022ஆம் ஆண்டு இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. வென்ற கையோடு, பள்ளியில் எல்லாச் சிறுமியரும் கால்பந்து ஆடும் வாய்ப்பைப் பெறவேண்டும் என்று வீராங்கனையர் கூட்டாக வேண்டுகோள் விடுத்தனர். 2023 மார்ச்சில் அரசு, சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளி விளையாட்டில் சமவாய்ப்பு வேண்டும் என்று அறிவித்ததுடன், இந்நிதி மேலும் இரண்டு கல்வியாண்டுகளுக்கு 60 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட அளவில் தொடரும் என்றும் அறிவித்தது. இச்செய்தியில் மற்றொரு நுட்பமும் உள்ளது. நிதி ஓரிரு ஆண்டுக்கே உறுதி செய்யப்படுவதால், பள்ளி நீண்டகாலப் பணியமர்த்தத்திற்குத் துணிவதில்லை. குறுகியகால ஒப்பந்தங்களையே நாடுகின்றது. நிலைத்த மேம்பாட்டைக் கோரும் அரசே நிலையற்ற முறையில் நிதி வழங்குவது இத்திட்டத்தின் முரண் எனலாம்.

பொறுப்புடைமை

ஒவ்வொரு பள்ளியும் பெற்ற தொகை, செலவிட்ட முறை, அதனால் விளைந்த பயன், அது எவ்வாறு நிலைத்து நிற்கும் என்பவற்றை ஆண்டுதோறும் சூலை 31ஆம் நாளுக்குள் இணையதளத்தில் வெளியிடவேண்டும். பள்ளியின் ஆட்சிக்குழு இதனைக் கண்காணிக்கும், பெற்றோரும் படிக்கலாம். “புதிய பந்துகள் வாங்கப்பட்டன” என்பது செலவுக் கணக்கு. “மன்றங்களில் சேராதிருந்த மாணவருள் இத்தனை பேர் இவ்வாண்டு சேர்ந்தனர்” என்பது பயன் கணக்கு. தொடக்கத்தில் நிலையை அளந்த பள்ளியே இரண்டாவதை எழுத இயலும்.

முடிவுரை

உடற்கல்விக்கெனத் தனி நிதி ஒதுக்குவது, அப்பாடத்தை அரசு மதிக்கின்றது என்பதற்கு அடையாளம். ஆனால் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 52 பென்சு என்பது, வெளியாரைக் கொண்டு ஆண்டு முழுதும் கற்பிக்கப் போதாத தொகை. உள்ளிருக்கும் ஆசிரியரை வல்லவராக்கப் போதுமான தொகை. கூட்டமைப்புகள் 2010இல் கண்ட முடிவு, எந்த ஒதுக்கீடும் என்றென்றைக்கும் உரியதன்று என்பதை உணர்த்துகின்றது. தயக்கம் நீங்கிய ஆசிரியரும் நீந்தக் கற்ற குழந்தையும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தால் பறிக்க இயலாதவர்கள். இவ்விருவரையும் உருவாக்கும் செலவே இந்நிதியின் நற்பயன் எனத் துணியலாம்.