கலத்தினுள் ஒளிரும் விளக்கு

மலேரியாக் காய்ச்சல் வன்னிநாட்டை வாட்டிய காலத்தில் மக்கள் முகஞ்சுளித்து அருந்திய கசப்பு மருந்து கொயினா ஆகும். அம்மருந்தின் அமிலக் கரைசல், கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிரை ஏற்று நீல ஒளியை உமிழும் இயல்பினது. 1852ஆம் ஆண்டிலே ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் இவ்வியல்பை ஆராய்ந்து விளக்கினார். ஓர் ஒளியை ஏற்று வேறோர் ஒளியாகத் திருப்பித் தரும் இச்செயல் புளோரொளிர்வு எனப்படும். மின்மினி தன் ஒளியைத் தானே ஆக்குவது. புளோரொளிர்வுப் பொருளோ பெற்றதையே நிறம் மாற்றித் தருவது.

உயிருள்ள கலத்தின் உள்ளியல்பை அறிதற்கு இவ்வொளி பெரிதும் உதவுகின்றது. கலத்தை நுணுக்குக்காட்டியிற் காணலாம். ஆயினும், அதனுள் இயங்கும் சோடியம், பொட்டாசியம், கல்சியம் ஆகியவற்றின் அயன்கள் நிறமற்றன. எந்த நுணுக்குக்காட்டியிலும் இவ்வாறு காணவொண்ணாச் சிறுமையன. கலத்தைச் சிதைத்துப் பகுத்தால் அவற்றின் அளவு தெரியும், உயிரோ நீங்கிவிடும். உயிர் நீங்காமலே உண்மையை அறியும் வழியைக் காட்டியது மீமூலக்கூற்று இரசாயனவியல் ஆகும்.

மூலக்கூறுகள் வன்மையான பிணைப்பின்றி, மென்மையான கவர்ச்சியினாலே கூடியும் பிரிந்தும் நிற்கும் இயல்பை இத்துறை ஆராய்கின்றது. முடிபோன்ற ஈதர் வளையங்கள் தம் நடுவே உலோக அயன்களை ஏற்கின்றன என்பதனை 1967ஆம் ஆண்டிற் பெடர்சன் வெளியிட்டார். வளையத்தின் துளைக்கு ஏற்ற பருமனுடைய அயனே அதனுள் நன்கு தங்கும். பெடர்சன், குராம், லேன் ஆகிய மூவரும் 1987இல் நோபல் பரிசு பெற்றனர்.

அயனை ஏற்கும் வளையத்தோடு ஒளிரும் பகுதியை இணைக்கும் நெறியிலே தலைசிறந்தவர் இலங்கையரான பிரசன்ன டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், தாயகம் மீண்டு கொழும்பிலே ஆராய்ந்தார். இந்நெறியின் தொடக்கக் கட்டுரைகளுட் சில, 1985, 1986ஆம் ஆண்டுகளில் அங்கிருந்தே வெளிவந்தன. பின்னர் அவர் பெல்பாஸ்ற் சென்று ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் அமைத்த மூலக்கூறு மூன்று உறுப்புக்களையுடையது: ஒளிரும் பகுதி, அயனை ஏற்கும் பகுதி, இரண்டையும் இணைக்கும் சிறு இடைவெளி. ஏற்கும் பகுதி வெறுமையாயிருக்கும்போது, கதிரை ஏற்றுக் கிளர்ந்த ஒளிரும் பகுதிக்கு அதிலிருந்து ஓர் இலத்திரன் பாய்கின்றது, ஒளி அவிகின்றது. அயன் வந்தமர்ந்ததும் அதன் நேரேற்றம் இலத்திரனைப் பற்றி நிறுத்துகின்றது, ஒளி வெளிப்படுகின்றது. விருந்தினன் வந்தபின்னரே விளக்கேற்றும் வீட்டை இஃது ஒக்கும். ஐதரசன் அயனும் சோடியம் அயனும் ஒருங்கே வந்தாலன்றி நன்கு ஒளிராத மூலக்கூற்றை 1993ஆம் ஆண்டில் அவரும் துணைவரும் வெளியிட்டனர்.

இனி, இத்தகைய விளக்கைக் கலத்தினுட் புகுத்துவது எங்ஙனம்? கல்சியத்தைக் கண்டறியும் சாயங்களை 1980ஆம் ஆண்டு முதலாக ஆக்கிய றொஜர் சியென் இதற்கு விடை கண்டார். ஏற்றமுடைய மூலக்கூறு கலமென்சவ்வைக் கடப்பதரிது. எனவே, அதன் ஏற்றங்களை எசுத்தர்க் கூட்டங்களால் மறைத்தார். மாறுவேடம் பூண்ட சாயம் உட்புகுந்ததும், கலத்தின் நொதியங்களே அவ்வேடத்தைக் களைந்துவிடும். சாயம் மீளமாட்டாது உள்ளே தங்கும். ஓய்ந்திருக்கும் கலத்தினுட் கல்சியம் அயனின் செறிவு, வெளியிலுள்ளதிற் பதினாயிரத்தில் ஒரு பங்களவே. தசை சுருங்கும்போது அது சடுதியில் உயர்வதை ஒளியாகவே காணலாம்.

இவ்வறிவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. காரணம் முற்றாகத் துணியப்படாத நீடித்த சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் உழவர் குடும்பங்களைப் பீடித்துள்ளது. சிறுநீரகம் தளர்ந்தாற் குருதியிற் பொட்டாசியம் மிகும். மிகின் இதயத்துடிப்பே நிலைகுலையும். ஆதலின் அதனை விரைந்தளத்தல் உயிர்காக்கும் செயலாகும். ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு குருதியின் அயன்களைச் சிறிது நேரத்தில் அளக்கும் கருவிகள் உலகின் மருத்துவமனைகள் பலவற்றிற் பயன்பட்டுள்ளன.

ஈதர் வளையமும் இலத்திரனும் தேர்வுக்கு மனனஞ் செய்யும் வெறுஞ் சொற்களல்ல. அவற்றின் இயல்பை நுணுகி உணர்ந்தமையாலன்றோ கொழும்பிலே இத்தகைய விளக்குகள் ஏற்றப்பட்டன! வன்னி மாணவர்க்கும் அவ்வுணர்வு எட்டாததன்று.