பருவமும் கூந்தலும்

ஆண்டுதோறும் கல்லூரி திறந்து, ஆனி ஆடி மாதங்கள் கழியும்போது, நம் விடுதிகளில் ஒரு முறையீடு எழுவது வழக்கம். "இவ்வூர்த் தண்ணீர் எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தலைமயிரெல்லாம் உதிர்கின்றது" என்பதே அது. சீப்பிற் சிக்கிய மயிரைக் கையில் ஏந்தி வருந்துவோரும், விடுதிச் செலவுக்கென்று பெற்றோர் அனுப்பிய பணத்தைத் தைலப் புட்டிகளுக்குக் கொடுப்போரும் நம்மிடையே உளர். யாம் அறிந்த மாணவர் ஒருவர் தம் தலை வெளுத்துத் தோன்றுவதாக நாணி, வகுப்பிற் கடைசிப் பலகையில் அமர்ந்து, எவரோடும் அளவளாவாமல் ஒரு பருவம் முழுவதையும் கழித்தனர். அவரை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். தலைமயிரும் ஒரு பொருளா என்று நகைப்பார் நகைக்க. ஓர் இளைஞரின் மனநிம்மதியைக் கெடுக்கும் எதுவும் அற்பப் பொருள் அன்று.

மயிரின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். தோலுக்கு மேலே நாம் காணும் மயிர் உயிரற்றது. நகத்தைப்போலவே அதுவும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. வெட்டும்போது நோவாமையே இதற்குச் சான்று. உயிருள்ள பகுதி தோலினுள்ளே சிறு குழியில் அமைந்த வேராகும். அவ்வேர் இரத்தத்திலிருந்து உணவைப் பெற்று, மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அளவு மயிரை மேலே தள்ளுகின்றது. மயிரிழையொன்றை நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினால், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்கள் அதனை மூடியிருத்தலைக் காணலாம். செதில்கள் படிந்திருப்பின் கூந்தல் பளபளக்கும். அவை எழும்பிச் சிதைந்தால் பரட்டையாகும். ஆகவே, வேருக்குரிய உணவு வயிற்றின் வழியே செல்லுமேயன்றி எண்ணெயின் வழியே செல்லாது. இழைக்கு நாம் செய்யத்தக்கது, அது தேயாமலும் முறியாமலும் காத்தல் ஒன்றே. வேரின் நலம் வேறு, இழையின் நலம் வேறு என்று பிரித்தறிவதே மயிர் பேணுங் கலையின் அரிச்சுவடி.

நம் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உள. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாழ்நாள் உண்டு. அஃது இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை வளரும். பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்கும். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் வாளா இருந்து, புதியதற்கு இடங்கொடுத்து உதிரும். எந்த நாளிலும் பத்தில் ஒன்பது பங்கு வளரும் நிலையிலும், ஒரு பங்கு ஓய்ந்த நிலையிலும் இருக்கும். ஆதலால் நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்தல் இயற்கையே. ஆனால் கடுஞ்சுரம், அம்மை, மகப்பேறு, பெரிய அறுவைச் சிகிச்சை, நெடுநாட் பட்டினி முதலியவை நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களிற் பல ஒருங்கே ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகின்றன. சென்றவை அன்றே உதிர்வதில்லை. ஓய்வுக்குரிய இரண்டு மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே கூட்டமாக உதிரத் தொடங்குகின்றன. ஒரு பருவத்தில் உடல் பட்ட துன்பத்தை அடுத்த பருவத்திலேதான் தலை வெளியிடுகின்றது. இவ்வுண்மையை அறியாமையே நம் அச்சங்கட்குப் பெரும்பாலும் காரணம்.

இனி, விடுதியின் முறையீட்டை ஆராய்வோம். பங்குனி சித்திரை மாதங்கள் தேர்வுக் காலம். இரவு விழிப்பும், நேரந்தவறிய உணவும், கலக்கமும் அப்போது மிகுதி. அம்மை பரவுங் காலமும் பெரும்பாலும் அதுவே. மேலே கூறிய மாணவர் பங்குனி இறுதியில் அம்மை கண்டு, பத்து நாள் சுரத்திற் கிடந்து எழுந்தவர். ஆனியில் மயிர் உதிர்ந்தபோது அந்நோய் அவர் நினைவில் இல்லை. கண்முன் இருந்த விடுதிக் கிணறே பழி சுமந்தது. உண்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உதிர்ந்த மயிரை எடுத்து, அதன் இரு நுனிகளையும் வெளிச்சத்தில் நோக்குக. ஒரு நுனியில் வெண்ணிறச் சிறு மொட்டுப்போன்ற முனை காணப்படின், அது தன் ஓய்வுக் காலத்தை முடித்து வேரோடு கழன்ற மயிர். காரணத்தை மூன்று மாதத்துக்கு முன்னர்த் தேடல் வேண்டும். மொட்டு இல்லையாயின், அஃது இடையில் முறிந்த மயிர். அதற்கே தண்ணீரையும் சோப்பையும் சீப்பையும் விசாரிக்கலாம். சுரத்தின்பின் நேரும் உதிர்ச்சி பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். தைலம் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் மயிர் ஒருபடியாகவே முளைக்கும். புகழ் மட்டும் தைலத்துக்குப் போய்ச் சேரும்.

பருவம் மாறுதலே உதிர்ச்சிக்குக் காரணமாகாதோ என்று வினவலாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தை அடுத்து வாழ்ந்த 14 ஆடவரை 18 மாதம் தொடர்ந்து ஆராய்ந்து, 1991-ல் முடிவு வெளியிட்டனர். அவர்களுக்கு ஆகஸ்டு செப்டம்பர் மாதங்களில் உதிர்ச்சி மிகுந்து, நாளொன்றுக்குச் சராசரி 60 மயிர்வரை சென்றது. முந்திய குளிர்காலத்தில் அதிற் பாதியும் இல்லை. ஆனால் அந்நாட்டிற் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள நீள வேற்றுமை மிகப் பெரிது. நம் நாட்டில் அவ்வளவு இல்லாமையால், அக்கணக்கை நம் தலைக்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. நம் பருவங்கள் வேரைவிட இழையையும் தலைத்தோலையுமே மிகுதியாக வருத்துகின்றன. நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களையும் இவ்வகையில் நோக்குவோம்.

காரும் கூதிரும், அஃதாவது ஆவணி முதற் கார்த்திகை வரை, ஈரத்தின் காலம். மயிர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீளும் இயல்புடையது. இவ்வியல்பைக்கொண்டே ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர், மனித மயிரிழையொன்றால் காற்றின் ஈரத்தை அளக்குங் கருவியை அமைத்து, 1783-ல் அதைப்பற்றி நூலும் வெளியிட்டனர். உலர்ந்த மயிர் முழு ஈரம் பெறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு நீள்கின்றது. அடைமழை நாளில் சுருண்ட கூந்தல் அடங்காமற் கிளம்புவதற்குக் காரணம் இதுவே. ஈரமயிர் வலிமை குன்றியது. இழுத்தால் எளிதில் முறியும். ஆகையால் மழையில் நனைந்து வந்தவர் துண்டால் முரட்டுத்தனமாகத் துவட்டாமல், ஈரத்தை ஒற்றி எடுத்து, சற்று உலர்ந்தபின், அகன்ற பற்களையுடைய சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்தல் வேண்டும். ஈரத்தோடு பின்னி முடிந்தால் நாற்றமும் அரிப்பும் உண்டாகும். கூதிர்க்காலத்து மகளிர் மாலை புனையாது சில மலரே சூடி, அகில் முதலியவற்றைப் புகைத்தனர் என்று நெடுநல்வாடை கூறும். நமக்கு அகில் கிடையாதாயினும், காற்றாடியின் கீழ்ச் சிறிதுநேரம் கூந்தலை விரித்து அமர்தல் அரிதன்று.

மழைக்காலத்தில் மாணவர் ஒருவரையொருவர் நெருங்கி ஓரறையில் அடைந்திருப்பர். பேன் பரவ அது போதும். பேன் பறக்கவோ தாவவோ அறியாது; தலையோடு தலை நெருங்கும்போதே ஊர்ந்து செல்லும். தூய தலையென்றும் அழுக்குத் தலையென்றும் அது வேறுபாடு பாராட்டுவதில்லை. ஆதலின் பேன் கண்டவரை அழுக்கரென்று இகழ்வது அறியாமை. ஈர் பொரிக்க ஏழு முதற் பத்து நாளாகும். எனவே ஒருமுறை மருந்திட்டதோடு நில்லாமல், அந்நாட்கள் கழிந்தபின் மறுமுறையும் இட்டு, இடையிடையே பேன்சீப்பால் வாருதல் வேண்டும். ஓரறையிலுள்ளோர் அனைவரும் ஒரே நாளிற் சோதித்துக்கொள்வதே முறை.

முன்பனியும் பின்பனியும், மார்கழி முதற் பங்குனி வரை, பொடுகின் காலம். எல்லார் தலைத்தோலிலும் மலஸீஸியா என்னும் நுண்காளான் வாழ்கின்றது. தோல் சுரக்கும் நெய்ப்பசையே அதன் உணவு. சிலருடைய தோல் அதன் கழிவைப் பொறாது செதிலாக உதிர்கின்றது. குளிர்நாட்களில் இது மிகுதியாகக் காணப்படும். தோல் வறண்டது என்று கருதி எண்ணெயை வழிய வழியத் தடவி இரவெல்லாம் ஊறவைப்பவர், அறியாமல் அக்காளானுக்கு விருந்திடுகின்றனர். பொடுகுள்ளவர் மருத்துவரைக் கேட்டு, கீட்டோகொனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்பூவை வாரத்துக்கு இருமுறை பயன்படுத்துதல் நலம்.

அவ்வாறாயின் எண்ணெயே வேண்டாவோ எனின், அற்றன்று. தேங்காயெண்ணெய் மயிரினுட் புகவல்லது என்றும், தலை முழுகுமுன் தடவினால் இழையின் புரதம் கழுவலில் வீணாவதைக் குறைக்கின்றது என்றும் மும்பையில் ஓர் எண்ணெய் வாணிக நிறுவனத்தின் ஆய்வாளர் 2003-ல் எழுதினர். எண்ணெய் விற்போரின் ஆய்வென்று நாம் சிறிது எச்சரிக்கையோடு கொள்ளினும், அவர் கூறும் காரணம் பொருத்தமானதே. அவ்வெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் அணுத்திரள் சிறியதும் நேரானதுமாதலின் இழையினுள் நுழைகின்றது. ஆகவே முழுக்குக்கு ஒரு மணிநேரம் முன்னர் இழை நெடுகச் சிறிது தடவுதல் போதும். மார்கழிக் காலையில் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கத் தேங்காயெண்ணெய் புட்டியிலேயே உறைந்திருக்கும். அதை வெயிலில் வைத்து உருக்கிக்கொள்க. கொதிக்கும் வெந்நீரைத் தலையில் ஊற்றுதல் இயற்கை நெய்ப்பசையை முற்றும் அகற்றுமாதலால், இளஞ்சூடான நீரே ஏற்றது.

இளவேனிலும் முதுவேனிலும், சித்திரை முதல் ஆடி வரை, வெயிலும் வியர்வையும் புழுதியும் கூடிய காலம். கதிரவனின் புறஊதாக் கதிர்கள் மயிரின் கருநிறத்தை வெளுக்கச் செய்து, புரதத்தையும் சிதைக்கின்றன. நண்பகலில் விளையாட்டு வெளியில் நிற்போர் தலைக்குத் துண்டாயினும் தொப்பியாயினும் அணிதல் நன்று. வியர்வையை நாள்தோறும் நீரால் அலசலாம். ஆனால் நாள்தோறும் சோப்பிடுதல் வேண்டா. சோப்புக் காரத்தன்மையுடையது, அது செதில்களை எழுப்பும். கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்திருந்தால், அந்நீரோடு சோப்புச் சேர்ந்து நுரையாமல் மயிரிற் பிசுக்காகப் படியும். விடுதிக் கிணற்றின் மேற் சுமத்தத்தக்க குற்றம் இவ்வளவே: அது மயிரை முரடாக்கலாம், வேரைப் பிடுங்காது. சீயக்காயும் அரப்பும் தம்மிலுள்ள சப்போனின் என்னும் நுரைப்பொருளால் அழுக்கை நீக்குவன. ஷாம்பூவும் பெரும்பாலும் சோப்பன்று. ஆதலின் இத்தகைய நீரில் இவையே ஏற்றவை.

கோடையில் மொட்டையடித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்பது நம்மவர் நம்பிக்கை. மழித்தல் மயிரின் வளர்ச்சியையோ பருமனையோ மாற்றுவதில்லை என்று அமெரிக்க நாட்டு மில்ட்ரெட் டிராட்டர் அம்மையார் 1928-லேயே ஆராய்ந்து கூறினர். புதிதாக முளைப்பது நுனி கூராத மொட்டை மயிராதலின் தடித்ததுபோலத் தோன்றுகின்றது; அவ்வளவே. குளிர்ச்சிக்காக மழிப்பதில் தடையில்லை.

ஒப்பனையைக் குறித்தும் ஒரு சொல். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாகக் கூந்தலை முடித்தமையால் அதனை ஐம்பால் என்றனர் பண்டையோர். ஆடவர் குடுமியோ பெரிய விவாதத்துக்கே இடமாயிற்று. கிறிஸ்தவர் குடுமி வைக்கலாமோ என்னும் கேள்வி மிஷன்களில் எழுந்தபோது, பின்னாளில் அத்தியட்சரான கால்டுவெல் ஐயர் 1867-ல் ஒரு சிறுநூல் எழுதி, அது சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கமே என்று வாதித்தனர். எம்முறையில் முடிப்பினும், வேரை இழுத்துப் பிடிக்குமாறு இறுக்குதல் தீது. ஆண்டுக்கணக்காக இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்து மயிர் உதிர்ந்து, நாளடைவில் வேரும் அழியக்கூடும். அழகுக்காகச் சூட்டுக்கோலால் மயிரை நிமிர்த்துவோர், அச்சூட்டில் கெடும் இழை மீண்டும் ஆறாது என்பதை நினைவிற் கொள்க.

நம் பேணுதலுக்கு அடங்காதனவும் சில உண்டு. பரம்பரை வழுக்கை தாய்வழியாலும் தந்தைவழியாலும் வருவது. எண்ணெய் அதனைத் தடுக்காது. புழுவெட்டு என்று வழங்கும் வட்டமான சொட்டையில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் காப்பாற்றலே தவறி மயிர்வேரைத் தாக்குவதால் அது நேர்கின்றது. இவற்றுக்கும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் உதிர்ச்சிக்கும், சோர்வும் வெளிறிய நிறமும் கூடிய உதிர்ச்சிக்கும் மருத்துவரையே நாடல் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு நம் மாணவியரிற் பலர்க்கு உண்டாதலின், கீரையும் பயறும், உண்பார்க்கு முட்டையும் மீனும், எத்தைலத்தினும் சிறந்தவை.

முதலிற் கூறிய மாணவருக்குத் தை மாதத்தில் தலைநிறையப் புதுமயிர் முளைத்தது. ஆனால் கடைசிப் பலகையிற் கழிந்த அம்மாதங்கள் திரும்பி வாரா. அவரை வருத்தியது மயிரிழப்பைவிடத் தோழரின் நகைப்பே என்று பின்னர் எம்மிடம் கூறினர். நம் தலைமயிரையும் கணக்கில் வைத்துள்ள கருணையைப்பற்றிச் சுவிசேஷத்திற் கேட்டு வளர்ந்தோம் நாம். அம்மயிரைக் கொண்டு ஒருவரையொருவர் அளத்தல் நமக்குத் தகுமோ? வரும் ஆனியில் உங்கள் அறைத்தோழர் சீப்பை நோக்கிக் கலங்குவாராயின், நகையாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன்னர் அவருக்கு என்ன துன்பம் நேர்ந்தது என்று அன்போடு கேளுங்கள்.