தேக்கு மொட்டையாகும் பருவம்

கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் தேக்கு தளிர் விடும். அந்தத் தளிரைத் தேடி ஓர் அந்துப்பூச்சி வந்து முட்டையிடும். ஹைப்ளேயா புவேரா என்பது அதன் அறிவியல் பெயர். 1840-களில் ஆங்கிலேயர் தேக்குத் தோட்டம் போட்ட கேரளத்து நிலம்பூரில் இதை நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் இதன் தாக்குதல் சிறுசிறு திட்டுகளாகத் தொடங்கும். அடுத்தடுத்த தலைமுறைகளில் தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

உட்கார்ந்திருக்கும்போது பூச்சியை யாரும் கவனிக்க மாட்டார்கள், அப்படியொரு சருகு நிறம். இறகை விரித்தால்தான் பின்னிறகின் ஆரஞ்சுத் திட்டுகள் தெரியும். இலையைத் தின்பது அதன் புழு. தளிரின் ஓரத்தை வெட்டி மடித்து, பட்டு நூலால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் இருந்துகொண்டே தின்னும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் புழு பச்சையாக இருக்கும். கூட்டம் பெருகினால் கறுத்துவிடும். உச்சக்கட்டத்தில் மரத்தடியில் நின்றால் புழுக்களின் எச்சம் தூறல்போல் சருகில் விழும் சத்தம் கேட்கும். வளர்ந்த புழு நூலில் தொங்கி இறங்கி, சருகுக்கடியில் கூண்டுப்புழுவாகும். ஜாவாவில் அந்தக் கூண்டுப்புழுவைப் பொறுக்கி வறுத்துச் சாப்பிடுகிறார்கள்.

தேக்கு மட்டுமல்ல, நொச்சியும் கடலோரச் சதுப்பின் வெண்கண்டலும் இதற்கு இரைதான். தேக்கு இலையை நரம்பு மட்டும் மிஞ்சச் சல்லடையாக்குவது வேறொரு பூச்சி. அது முற்றிய இலைக்கு வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மொட்டையான மரம் சாகாது, மறுபடி தளிர்க்கும். ஆனால் நஷ்டம் உண்டு. இளந்தேக்கில் மரப் பருமன் கூடுவது 44 சதவீதம் வரை குறைகிறது என்று பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலம்பூரில் கண்டறிந்தார்கள். நுனிக்குருத்து போனால் மரம் கவைவிட்டு, நேரான தடி கிடைக்காமல் போகும். இதே புழுவைத் தாக்கும் வைரஸ் ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது. அதைத் தெளித்தும் நிலம்பூரில் இலைகளைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறார்கள். பூச்சிக்கொல்லியோ புழுவோடு சேர்த்து, அதைத் தின்ன வரும் பறவைகளையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பாதிக்கும். காட்டில் பூச்சிக்கொல்லி தெளிப்பது தவறு என்றே சொல்வேன்.

வரப்பில் தேக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கன்றுகளில் மடிந்த இலைகளைப் பார்த்ததும் கிள்ளி அழியுங்கள். வளர்ந்த மரம் மொட்டையானால் வெட்டிவிடாதீர்கள், மருந்துக்கும் ஓடாதீர்கள். அது திரும்பத் தழைக்கும்.