பாலைவன எலியின் காதில் ஒரு காய்ச்சல்

புது தில்லி: தார் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டு செல்வது சுதந்திர இந்தியாவின் பெருங்கனவுகளில் ஒன்று. 1958-ல் பணி தொடங்கி, 1984-ல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட கால்வாய், பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையிலிருந்து 649 கி.மீ. நீண்டு அக்கனவை நனவாக்கியது. மணல்மேடுகள் கோதுமை, பருத்தி வயல்களாயின. நீரைத் தொடர்ந்து எலிகளும் இடம் மாறின.

ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இம்மாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். வறண்ட மணலில் வளை தோண்டிப் பகலில் இரை தேடும் பாலைவன எலி, பாசன நிலங்களில் பின்வாங்கியது. வெள்ளெலியும் கரம்பை எலியும் அவ்விடத்தைப் பிடித்தன.

எலிகளின் காது மடல்களில் கூட்டமாக ஒட்டிக் கொள்ளும் உயிரிகளில் ஒன்று சிற்றுண்ணியின் இளம்புழு. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இதற்கு ஆறு கால்கள். இப்பருவத்தில் மட்டுமே இது பிற உயிரிகளின் உடலில் ஒட்டுகிறது. வளர்ந்தபின் எட்டுக் கால்களுடன் மண்ணிலேயே வாழ்ந்துவிடுகிறது. சிற்றுண்ணிகளில் சில இனங்கள் சுமக்கும் கிருமி, தாயிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. புல்லில் காத்திருக்கும் இளம்புழு, எலிக்குப் பதிலாக மனிதனைக் கடித்தால் வருவதுதான் 'ஸ்க்ரப் டைஃபஸ்' எனப்படும் உண்ணிக் காய்ச்சல்.

ஈரமான மலையடிவாரங்களின் நோய் என்று கருதப்பட்ட இக்காய்ச்சலை, மேற்கு ராஜஸ்தானிலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பெரும்பாலும் மழைக்குப் பிந்தைய மாதங்களில் அது தலைகாட்டுகிறது.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு தோன்றலாம், எல்லோருக்கும் தோன்றுவதில்லை. டெங்கு, மலேரியா என்று எண்ணி நாள் கடத்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும். தொடக்கத்திலேயே கொடுத்தால், விலை மலிவான 'டாக்ஸிசைக்ளின்' மாத்திரையே உயிரைக் காக்கும்.

தாமதத்தின் விலை என்ன என்பதைக் கோரக்பூர் காட்டியது. அங்கு குழந்தைகளைக் காவு கொண்ட மூளை அழற்சி ஜப்பானியக் காய்ச்சலால் வருவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 2006-ல் தடுப்பூசியும் தொடங்கியது. சாவுகள் நிற்கவில்லை. பின்னர் 2015, 2016-ம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் தெரிந்தது.

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. நோய்க் கண்காணிப்புத் திட்டமோ 2004-ல் மத்திய அரசு தொடங்கியது. பொறுப்பு யாருடையது என்ற விவாதம் நாடாளுமன்றத்தில் எத்தனை முறை நடந்தாலும், காய்ச்சலோடு வரும் கால்வாய்க்கரை விவசாயிக்குத் தேவையானவை மூன்றே: சந்தேகிக்கத் தெரிந்த மருத்துவர், அருகிலேயே ரத்தப் பரிசோதனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை. 649 கி.மீ. தூரத்துக்குத் தண்ணீரைக் கொண்டு சேர்த்த அரசுகளுக்கு இது பெரிய காரியமல்ல.